கண்டு காட்டுதல்

கண் தானே காண்பதன்று. ஞாயிற்றின் ஒளி வேண்டும். ஒளி உளதாயினும் உயிர் உடன்நின்று அறியாவழித் திறந்த கண்ணும் ஒன்றனையுங் காணாது. அங்ஙனமே உயிரும் தானே அறியமாட்டாது. இறைவன் அதற்குக் காட்டுதலும் வேண்டும். உடன்நின்று காணுதலும் வேண்டும். மெய்கண்ட தேவர் அருளிச்செய்த சிவஞானபோதத்துப் பதினோராஞ் சூத்திரம் இவ்வுண்மையினைக் கண்ணையும் உயிரையும் உவமையாக வைத்து நிலைநாட்டுகின்றது. காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என ஆசிரியன்மார் வகுத்துரைக்கும் இவ்விரண்டும் பாடஞ் சொல்லும் இடந்தோறும் சொல்லப்படுவனவே. எனினும், சொல்லக் கேட்பது ஒன்று. ஓர் எளிய இல்லத்தினுள்ளே அது நிகழ்ச்சியாக விளங்கக் காண்பது மற்றொன்று. கொரோனாப் பெருந்தொற்று நாட்டினை அலைத்த 2020, 2021 ஆகிய ஆண்டுகளிலே, சென்னைக்கு மேற்கே ஆவடியை அடுத்த திருமுல்லைவாயிலில், முதிய இல்லறத்தார் இருவர்பால் நிகழ்ந்தன ஈண்டுச் சொல்லப்படும்.

கணவர்க்கு அப்போது வயது 67, மனைவியார்க்கு 63. கணவர் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் லேத்து என்னும் கடைசல் இயந்திரத்தின் முன்னின்று முப்பதாண்டுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். இரும்பினை நூலிழை பிசகாது கடையவல்ல கையினர். அம்மையார் இளமையில் தந்தையாரிடம் தேவாரத்தைப் பண்ணோடு பயின்றவர். கோயிலுக்கு நாடோறுஞ் செல்பவர் அம்மையாரே. கணவர் வாயில்வரை உடன்சென்று, நாளிதழ் படித்துக்கொண்டு வெளித்திண்ணையில் அமர்ந்திருப்பதே வழக்கம். உள்ளே செல்லும் நாட்களிலும் கும்பிட்டுத் திரும்புவாரன்றி நின்று நோக்கியவர் அல்லர்.

2019ஆம் ஆண்டின் இறுதியில் அம்மையாரின் இரு கண்களிலும் புரை படர்ந்தது. மருத்துவர் 2020 ஏப்பிரல் திங்களில் அறுவை செய்யலாம் என நாள் குறித்தனர். அதற்கு முன்னும் பின்னுமாக ஒரு யாத்திரையினை அம்மையார் உள்ளத்தே வகுத்திருந்தனர். சங்கிலியார்க்குச் செய்த சூளுறவு பிழைத்துத் திருவொற்றியூரின் எல்லை கடந்தபோது கண்ணொளி இழந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள், அந்நிலையிலேயே வடதிருமுல்லைவாயிலை அடைந்து பாடி, திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்று, திருவாலங்காடு பணிந்து, காஞ்சியில் இடக்கண்ணும், நெடுவழி கடந்து திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றனர் என்பது பெரியபுராண வரலாறு. அவ்வழியே ஒருமுறை செல்லவேண்டும் என்பது அம்மையாரின் விருப்பம். "சுவாமிகள் கண்ணில்லாமல் வந்து பாடிய ஊரிலேயே குடியிருக்கிறோம். அவர் நடந்த வழியை ஒருமுறையாவது பார்க்க வேண்டாமா?" என்பர். அவ்வாண்டு மாசித் திருவிழாவில் திருவொற்றியூர் சென்று மகிழடி சேவை கண்டனர். அடுத்தது சொந்த ஊராகிய திருமுல்லைவாயில். அங்கு மாசிலாமணியீசர் திருமேனியை எப்போதுஞ் சந்தனக்காப்பே மூடியிருக்கும். சித்திரைச் சதயத்தன்று மட்டும் அக்காப்பினைக் களைவர். புரை முற்றுமுன் அக்காட்சியைக் கண்டுவிடவேண்டும் என அம்மையார் நாள் எண்ணியிருந்தனர்.

மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாள் மாலை தமிழ்நாட்டிலும், மறுநாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டது. அதற்குச் சின்னாள் முன்னரே திருக்கோயில்கள் அடியார்க்கு அடைபட்டன. உள்ளே நித்திய பூசை மட்டும் நடைபெற்றது. உடனடியாகச் செய்யவேண்டாத அறுவை சிகிச்சைகளையெல்லாம் தள்ளிவைக்குமாறு மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியிருந்தமையின், அம்மையார்க்குக் குறித்த நாளும் தள்ளிப்போயிற்று. கோவையிலுள்ள மகன் வரவேண்டுமாயின் இ-பாஸ் என வழங்கிய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும். அஃது எளிதிற் கிடைப்பதாயில்லை. சித்திரைச் சதயம் வந்து கழிந்தது. அன்று அம்மையார் வாயிற்படியில் நின்று கோயில் இருக்குந் திசையை நோக்கினர். அப்போது தெருவின் எதிர்வீடே அவர்க்கு வெண்புகைபோலத் தோன்றியது.

அக்காலத்தில் அடுத்த வீட்டார் ஒருவர் ஆறுதலாக, "கோயில் மூடினால் என்ன? பக்கத்தில் திருநின்றவூர்ப் பூசலார் மனத்திலேயே கோயில் கட்டவில்லையா? நாமும் மனத்தாலே கும்பிட்டால் போதும்" என்றனர். அம்மையார் இதனை அத்துணை எளிதில் ஒப்பவில்லை. "பூசலார் முதலில் பொருள் தேடி அலைந்தார், ஒன்றும் கிடைக்காமல் போன பிறகே மனத்தில் கட்டினார். கிடைத்திருந்தால் கல்லாலேயே கட்டியிருப்பார். மனத்தில் கட்டியபோதும் நல்ல நாள் பார்த்தார், அடிநிலை எடுத்தார், கிணறு தோண்டினார், மதில் வைத்தார், ஒன்றையும் விடவில்லை. மனத்தால் கும்பிடுவது வேலை குறைந்த வழி என்று எண்ணிவிடக்கூடாது" என்று மறுமொழி கூறினர். உள்ளத்து வழிபாடு புறவழிபாட்டினும் உழைப்பு மிக்கது என்னும் இவ்வுண்மை, எளிதாக அப்புராணத்தை எடுத்தாள்வார் பலர்க்கும் புலப்படாது ஒழிகின்றது.

இம்மொழியினைக் கணவர் தம் வழியே கொண்டனர். அம்மையார் உள்ளத்தே கோயில் எடுக்கட்டும், தாம் வீட்டினைத் திருத்துவோம் என்று துணிந்து, ஆணியும் அரமும் எடுத்தனர். படுக்கையறையினின்று அடுக்களை வரையும், ஆங்கிருந்து பூசையறை, கொல்லைக் கிணறு வரையும் சுவரோடு இடுப்பளவு உயரத்திற் கயிறு கட்டினர். அடுக்களை வாயிலில் ஒரு முடிச்சு, பூசையறை வாயிலில் இரண்டு, கொல்லை வாயிலில் மூன்று. அஞ்சறைப்பெட்டியின் கிண்ணங்களுக்கும் உப்பு, புளி, பருப்பு வைத்த சம்புடங்களின் மூடிகளுக்கும் அரத்தால் வேறு வேறு வெட்டு இட்டு, தடவிய அளவில் இன்னது என அறியச் செய்தனர். வாயிற்படிகளின் விளிம்பிற் சுண்ணாம்புக் கோடு இழுத்தனர். கிணற்று ராட்டினம் கிரீச்சிடுவதை நிறுத்த எண்ணெய் இட்டனர், அம்மையார், "அந்தச் சத்தம் இருக்கட்டும், கிணறு எங்கே என்று அது சொல்கிறது" என்றதும் எண்ணெயைத் துடைத்தனர். வாயிலில் முல்லைக்கொடி ஒன்று வைத்துப் பந்தல் கட்டுமாறு அம்மையார் கேட்டனர். மணத்தால் வீட்டுவாயிலை அறியலாம் என்பது அவர் கருத்து. தொண்டைமானின் யானைக்கால் முல்லைக்கொடியிற் சிக்க, அதனை வாளால் வெட்டியபோது இறைவன் வெளிப்பட்டனன் என்பது அவ்வூர்த் தலவரலாறு. அவ்வூரிலே முல்லையே வழிகாட்டியாதல் பொருத்தமுடைத்தே.

மே மாதம் 5ஆம் நாள் கோயம்பேட்டுச் சந்தை தொற்றின் மிகுதியால் மூடப்பட்டு, மொத்தக் காய்கறி வாணிகம் பூந்தமல்லியை அடுத்த திருமழிசைக்குப் பெயர்ந்தது. வண்டியில் வரும் காயைக் கணவரே வாங்கினர், அவரே அரிந்தனர், அம்மையார் சொற்படி சமைத்தனர். மாலைதோறும் இருவரும் முற்றத்தில் அமர்வர். "வானம் எப்படி இருக்கிறது?" என அம்மையார் கேட்பர். முதல் நாள் கணவர், "வானம் அப்படியேதான் இருக்கிறது" என்றனர். முல்லை எவ்வாறு உளது என்றதற்கு, "மூன்றடி இரண்டங்குலம்" என்றனர். அம்மையார் நகைத்து, "அளவு கேட்கவில்லை, பார்த்துச் சொல்லுங்கள்" என்றனர். பின்னர்ப் படிப்படியாக, மேகத்தின் ஓரம் செம்பு நிறமாயிற்று என்றும், முல்லைத் தளிர் ஒன்று கம்பியைப் பற்றாது காற்றில் தேடுகின்றது என்றும் சொல்லக் கற்றனர். அவர் கூறி முடித்தபின் அம்மையார் பதிகம் ஓதுவர். ஓதுங்காற் பொருள் கேட்டுக் கேட்டு, கணவர்க்கும் சில பதிகங்கள் மனத்தில் நின்றன.

இந்நிலையில் ஒரு சிறு குற்றம் நிகழ்ந்தது. ஒருநாள் மதிற்கு அப்பால் நின்ற அடுத்த வீட்டாரிடம் கணவர், "இனி அவளுக்கு நான்தான் கண். நான் இல்லாவிட்டால் ஓரடி எடுத்து வைக்கமாட்டாள்" என்று பெருமிதத்தோடு கூறினர். அன்பினாற் கூறியதே, ஆயினும் அதனுள்ளே "நான்" என்பது நுழைந்துவிட்டது. அம்மையார் அதனைக் கேட்டனர். அப்போது ஒன்றுஞ் சொல்லவில்லை. இரவு உறங்கப் போகுமுன், "கண் எல்லாவற்றையும் பார்க்கும், தன்னைத்தான் பார்க்கத் தெரியாது, இல்லையா?" என்று மட்டுங் கூறினர். கணவர்க்கு அதன் கருத்து விளங்கவில்லை. புறவிருள் பிற பொருள்களை மறைப்பினும் தன்னைக் காட்டி நிற்கும். ஆணவ இருளோ பிறவற்றை மறைப்பதோடு தன்னையுங் காட்டாது என உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் விளக்கியருளினர். கண்ணிற் படர்ந்த புரையை உடையார் அறிவர். அறிவிற் படர்ந்த புரையை உடையார் அறியார்.

சூன் திங்கள் 19ஆம் நாள் முதல் சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்தின் பல பகுதிகளிலும் ஊரடங்கு மீண்டும் இறுக்கப்பட்டது. அத்திங்களின் இறுதியில் கணவர்க்குக் காய்ச்சல் கண்டது. சோதனையில் தொற்று உறுதியாயிற்று. அம்மையார்க்கு இல்லை எனத் தெரிந்தது. நோய் மென்மையது என ஆய்ந்த மருத்துவர், மாடியறையில் தனித்திருக்க ஒருப்பட்டனர். தெருவின் இரு முனையும் தகரத்தால் அடைக்கப்பட்டன. கணவர் மாடிக்குச் செல்லுமுன், கிணற்று ராட்டினத்தைக் கழற்றி மாடிக் கைப்பிடியிற் பூட்டி, தாம்புக்கயிற்றில் ஒரு கூடையும், கூடையில் ஒரு சிறு மணியும் கட்டினர். அம்மையார் கஞ்சியும், மிளகு இரசமும், கபசுரக் குடிநீரும் தூக்கிலிட்டுக் கூடையில் வைத்து மணியை அசைப்பர்; கணவர் மேலிருந்து இழுத்துக்கொள்வர். அடுப்பு மூட்டியதும், காய் அரிந்ததும், நீர் இறைத்ததும் அம்மையாரே. கயிற்றின் முடிச்சும் மூடியின் வெட்டும் அவர்க்குப் போதியனவாயின. மாலையில் அவர் கீழே முற்றத்தமர்ந்து ஓதுவர். கணவர் மேலே கேட்பர். வானம் எவ்வாறு உளது என்பதனை மேலிருந்து உரத்த குரலிற் கூறுவர்.

ஒன்பதாம் நாள் இரவு மணி அசைந்தும் கூடை மேலெழவில்லை. அம்மையார் பெயர் சொல்லாது, "என்னங்க, என்னங்க" எனப் பலமுறை அழைத்தனர், விடையில்லை. மாடிப்படி பதினெட்டு. வீடெங்குங் கயிறு கட்டிய கணவர், மாடிக்கு மனைவி வரவேண்டுவதில்லை எனத் தாமே துணிந்து, அப்படிகளில் மட்டும் கயிறு கட்டாது விட்டிருந்தனர். அம்மையார் சுவரைத் தடவிக்கொண்டு, படியினை எண்ணி எண்ணி ஏறினர். எண்ணுகின்ற வாயே திருவைந்தெழுத்தினையுஞ் சொல்லிற்று. கதவின் புறத்தே நின்று கேட்டபோது, உள்ளே மூச்சு வாங்கும் ஒலி கேட்டது. உடனே மாடி மதிலருகே சென்று அடுத்த வீட்டாரைக் குரலெடுத்து அழைத்தனர். அவ்வீட்டுக் கல்லூரி மாணவன் 108 ஊர்திக்குத் தொலைபேசியிற் சொல்ல, அரைமணி நேரத்துள் கணவர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஊர்தி செல்லுங்கால் உடன்செல்ல அம்மையார்க்கு இசைவில்லை. அடைபட்ட தெருவில், கண்ணொளி குன்றிய ஒருவர், தனி வீட்டில், ஏழு நாள் இருந்தனர்.

கணவர் ஆறு நாள் உயிர்வளி ஏற்று, இறைவன் திருவருளால் பிழைத்து மீண்டனர். வாயிலில் இறங்கியதும் முதலில் அவர்க்குப் புலனாயது முல்லையின் மணம். வீடு பெருக்கப்பட்டிருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "தனியாக எப்படிச் சமாளித்தாய்?" எனக் கேட்டனர். "நீங்கள் கட்டிய கயிறு இருந்தது, கட்ட மறந்த இடத்தில் சுவர் இருந்தது, சுவரும் முடிந்த இடத்தில் கூப்பிடக் குரல் இருந்தது. எனக்கு யார் கண் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை" என்றனர் அம்மையார். கணவர் நெடுநேரம் பேசாதிருந்து, "அன்றைக்கு நீ சொன்னது இப்போதுதான் விளங்கியது" என்றனர். எழுந்து நடக்கும் வலி வந்தவுடன் அவர் செய்த முதல் வேலை, மாடிப்படி பதினெட்டிற்கும் கயிறு கட்டியதே.

திருக்கோயில்கள் செப்டம்பர் 1ஆம் நாள் அடியார்க்குத் திறக்கப்பட்டன. கண்ணறுவை முடியட்டும், பின்னர்ச் செல்வோம் எனக் கணவர் கூறியும் அம்மையார் கேட்கவில்லை. "சுவாமிகள் பார்வை வந்த பிறகா இந்த ஊருக்கு வந்தார்?" என்றனர். இருவரும் முகக்கவசம் அணிந்து, இடைவெளிவிட்டு நின்ற வரிசையிற் சென்று மாசிலாமணியீசர் திருமுன்பு அடைந்தனர். கணவர் மெல்லிய குரலிற் சொல்லத் தொடங்கினர்: திருமேனியெங்குஞ் சந்தனம், சந்தனத்தின்மேல் விளக்கொளி அசைகின்றது, வாயிலின் இருபுறத்தும் வெள்ளெருக்குத் தூண்கள் இரண்டு, தொண்டைமான் பகைவரை வென்று கொணர்ந்து நிறுத்தியன எனப்படுவன, நந்திதேவர் இறைவனை நோக்காது, அவனொடு ஒருமுகமாகக் கிழக்கு நோக்கியிருக்கின்றனர். இவ்வளவில் அவர் குரல் நின்றது. அம்மையார், "என்ன, சொல்லுங்கள்" என்றனர். "முப்பது வருஷமாக வந்திருக்கிறேன். நந்தி திரும்பியிருப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். உனக்குச் சொல்ல வேண்டுமே என்று பார்த்ததால் எனக்குத் தெரிந்தது" என்றனர் கணவர்.

இவ்விடத்தே நின்று சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. காட்டுவான் காணாது காட்டல் இயலாது. பிறர்க்குக் காட்டுதற்பொருட்டுக் காண்பவன், தனக்கெனக் காண்பவனினும் நன்கு காண்கின்றான். இறைவனுக்கோ தனக்கெனக் காணவேண்டுவது ஒன்றுமில்லை. அவன் காண்பதெல்லாம் உயிர்களின்பொருட்டே. ஆதலின் அவன் காட்சி முழுவதும் அருளேயாகின்றது. உயிர் பிறர்பொருட்டுக் காணுந்தோறும் அவ்வருளின் சிறுகூற்றிற்கு இடமாகின்றது. "யான் காட்டுகின்றேன்" என எண்ணிய அளவில் அதனை இழக்கின்றது. அக்கணவர் முன்னர்த் தம்மை மனைவியின் கண் என்றனர். அப்போது அவர் காணவில்லை. பின்னர் அவ்வெண்ணம் கழன்று காட்டினர், அப்போது கண்டனர்.

எஞ்சிய வரலாறு சிறிது. அக்டோபர்த் திங்களில் அம்மையார்க்கு அறுவை நிகழ்ந்தது. புரை மிக முற்றியது இடக்கண்ணாதலின் அதனையே மருத்துவர் முதலிற் கொண்டனர். இதனைப் புராணத்தோடு ஒப்பிட்டு அற்புதம் எனக் கூறுதல் வேண்டா. வன்றொண்டர் ஒளி இழந்தது சூள் பிழைத்தமையால். அம்மையார் இழந்தது மூப்பினால். ஆயினும் அவ்வொப்புமையால் அம்மையார் உள்ளம் உருகியது உண்மை. திருவெண்பாக்கம் சென்றனர். பழைய கோயிலிருந்த இடம், 1944இல் நிறைவெய்திய பூண்டி நீர்த்தேக்கத்துள் மூழ்க, ஊன்றீசர் இப்போது அதன் கரையில் எழுந்தருளியிருக்கின்றனர். கார்த்திகையிற் காஞ்சி செல்ல எண்ணியபோது நிவர்ப் புயல் வந்தது; நவம்பர் 25ஆம் நாள் செம்பரம்பாக்கம் ஏரியின் மதகுகள் திறக்கப்பட்டன; பயணம் தை மாதத்திற்குத் தள்ளிப்போயிற்று. 2021 மார்ச்சுத் திங்களில் அறுபது கடந்தார்க்குத் தடுப்பூசி தொடங்கியதும் இருவரும் இட்டுக்கொண்டனர். ஏப்பிரல் இறுதியிற் கோயில்கள் மீண்டும் அடைபட, இரண்டாம் முறையுஞ் சித்திரைச் சதயம் தவறிற்று. ஆகஸ்டில் வலக்கண்ணும் ஒளி பெற்றது. திசம்பரில் இருவரும் திருவாரூர் சென்று தியாகேசரை வணங்கினர்.

2022ஆம் ஆண்டு சித்திரைச் சதயத்தன்று, மூன்றாண்டு காத்திருந்த அம்மையார், சந்தனக்காப்பு நீங்கிய மாசிலாமணியீசர் திருமுன்பு நின்றனர். கணவர் பின்னே நின்று கண்களை மூடிக்கொண்டு, "இன்றைக்கு நீ பார்த்துச் சொல்" என்றனர். அம்மையார் ஒன்றுஞ் சொல்லவில்லை. சிறிது கழித்து, "நீங்களும் கண்ணைத் திறந்து பாருங்கள்" என்றனர்.

கோடை விடுமுறையில் வந்த மகன், இனி இக்கயிறுகள் எதற்கு, அவிழ்த்துவிடலாமே என்றனன். தந்தையார், "அம்மாவுக்காகக் கட்டியது என்றா நினைக்கிறாய்? இருக்கட்டும்" என விடுத்தனர். இரண்டு முடிச்சிட்ட இடத்திற் கயிறு கைபட்டுக் கைபட்டு வழுவழுப்பாகியிருக்கின்றது. விடியற்காலையில், விளக்கிடாத இருளிலே, இப்போது அதனைப் பிடித்துப் பூசையறைக்குச் செல்பவர் அவரே.

திருச்சிற்றம்பலம்